எக்கோ ரிப்போர்ட்டில் 60% என்றால் இதயம் அவ்வளவுதான் வேலை செய்கிறதா?

கேள்வி: மார்ச் 2, இரவு 10.40

அப்பாவுக்கு எக்கோ எடுத்தோம். ரிப்போர்ட்டில் ‘எல்வி ஈஎஃப் 60%’ என்று இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார். 100க்கு 60 எப்படி நார்மல் ஆகும்? மீதி 40 சதவீதம் போய்விட்டதா? எங்களிடம் எதையாவது மறைக்கிறாரா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதே தாளில் ‘டிரிவியல் டிஆர்’, ‘சைனஸ் ரிதம்’ என்றும் எழுதியிருக்கிறது. அப்பாவுக்கு மூக்கில் சைனஸ் தொந்தரவு எதுவும் கிடையாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 11.05

60 நல்ல எண். அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. விவரமாகக் காலையில் எழுதுகிறேன்.

மார்ச் 3, காலை 6.30

நான் டாக்டர் இல்லை. ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் தட்டச்சு செய்து கையில் கொடுக்கும் இடத்தில் பல வருடங்கள் இருந்தவன். உறையை அங்கேயே பிரித்து, ஒரு சொல்லைப் பார்த்து முகம் வெளுத்துப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உங்கள் கேள்விக்கு இரவோடு இரவாகப் பதில் போட்டேன்.

ஈஎஃப் என்பது பரீட்சை மார்க் இல்லை. இதயத்தின் இடது கீழறை ரத்தத்தால் நிரம்பி நிற்கும்போது உள்ளே ஏறக்குறைய 120 மில்லி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துடிப்பில் அது 70 மில்லியை வெளியே தள்ளுகிறது. 120இல் 70 என்றால் 58 சதவீதம். இதுதான் ஈஎஃப். எந்த ஆரோக்கியமான இதயமும் உள்ளே இருப்பதை முழுக்கக் காலி செய்வதில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் அடுத்த துடிப்புக்குப் போகும். ஏறக்குறைய 55 முதல் 70 வரை இருந்தால் நல்லது. 50க்குக் கீழே இறங்கினால் பம்ப் செய்யும் வலு லேசாகக் குறைந்திருக்கிறது என்பார்கள், 40க்கும் கீழே போனால் நன்றாகவே குறைந்துவிட்டது என்பார்கள். 100 என்று யாருக்குமே வராது.

சைனஸ் ரிதத்துக்கும் மூக்குக்கும் சம்பந்தமே இல்லை. இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. துடிப்புக்கான மின்தூண்டுதல் அங்கேதான் கிளம்ப வேண்டும். அங்கிருந்தே கிளம்புகிறது என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். நல்ல செய்தி அது.

டிரிவியல் டிஆர்: வலது பக்க வால்வு ஒன்றில் மிகச் சிறிய பின்கசிவு. நோய் எதுவும் இல்லாத ஏராளமானவர்களுக்கு எக்கோவில் இது தெரியும். கண்ணில் பட்டதை எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறார்கள்.

மார்ச் 3, இரவு 9.20

‘அப்போ ஈஎஃப் 60 இருந்தால் ஹார்ட் ஃபெயிலியர் வரவே வராதா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. காலையில் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

வரலாம். தள்ளும் வலு சரியாக இருக்கும், ஆனால் தசை விறைத்துப்போய் அறை சரியாக விரிந்து நிரம்பாது. அப்போதும் மூச்சு வாங்கும், கால் வீங்கும். இதயச் செயலிழப்பு, அதாவது ஹார்ட் ஃபெயிலியர், உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஈஎஃப் சரியாகத்தான் இருக்கிறது. அதனால் எண் நன்றாக இருக்கிறது என்று மூச்சு வாங்குவதைச் சொல்லாமல் விடக் கூடாது. கேள்வி கேட்டவரின் அப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை என்றுதான் புரிந்துகொள்கிறேன். இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் மூன்று பெயர்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. மூன்றையும் ‘ஹார்ட் அட்டாக்’ என்றே சொல்லிவிடுகிறோம்.

மாரடைப்பு என்பது இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. ஆள் பெரும்பாலும் நினைவோடுதான் இருப்பார். நெஞ்சை அழுத்தும், வியர்க்கும், தாடைக்கோ கைக்கோ வலி பரவும். இதய நிறுத்தம் வேறு: துடிப்பு பயனில்லாமல் போய் ஆள் அப்படியே சரிந்துவிடுவார், கூப்பிட்டால் பதில் இருக்காது, மூச்சு இயல்பாக இருக்காது. அந்த நிமிடமே நெஞ்சில் அழுத்த ஆரம்பிக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கக் கூடாது. இதயச் செயலிழப்பு இந்த இரண்டும் இல்லை. அது மாதக் கணக்கில், வருடக் கணக்கில் இழுக்கும் நிலை. ‘ஃபெயிலியர்’ என்ற சொல்லைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று நினைத்து அழுதவர்கள் உண்டு. நிற்கவில்லை. தேவைக்குப் போதுமான அளவு ரத்தத்தைக் கொடுக்கத் திணறுகிறது. மருந்து சாப்பிட்டுக்கொண்டு பல வருடம் நன்றாக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 5, மாலை 7.10

‘க்ரானிக் என்றால் முற்றிப்போனது, அக்யூட் என்றால் ஆரம்பம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேறு சிலர் நேர் எதிராக, அக்யூட்தான் மோசம் என்கிறார்கள். அந்தச் சொற்கள் தீவிரத்தைக் குறிக்கவே இல்லை. காலத்தைத்தான் குறிக்கின்றன. அக்யூட் என்றால் திடீரென்று வந்தது, குறுகிய காலத்தது. சாதாரண ஜலதோஷம்கூட அக்யூட்தான். க்ரானிக் என்றால் நீண்ட நாளாக இருப்பது. தீவிரத்தைச் சொல்ல மைல்ட், மாடரேட், சிவியர் என்று தனி வரிசை இருக்கிறது.

சிறுநீரகத்தில் இது எவ்வளவு முக்கியம் என்பதை என் பெரியம்மா விஷயத்தில் பார்த்தேன். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.1. லேப் தாளில், எல்லை தாண்டியதைக் காட்டும் நட்சத்திரக் குறி எதுவும் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அவருக்கு வயது 75, ஒல்லியான உடம்பு. டாக்டர் அந்த 1.1ஐப் பார்த்து, பக்கத்தில் கையால் ‘ஈஜிஎஃப்ஆர் 52’ என்று எழுதி வட்டம் போட்டார். சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதன் கணிப்பு அது. அதே நாளில் 25 வயதுப் பையன் ஒருவனுக்கு அதே 1.1 வந்திருந்தால் அவனுடைய ஈஜிஎஃப்ஆர் 95 பக்கம் இருக்கும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைவான உடம்பில் அது குறைவாகத்தான் உற்பத்தியாகும். அதனால் எண் சின்னதாக இருந்தும் சிறுநீரகம் பின்தங்கியிருக்கலாம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் ஈஜிஎஃப்ஆர் வருகிறது.

அங்கே டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஒரு தடவை 60க்குக் கீழே வந்ததை வைத்து க்ரானிக் என்று முத்திரை குத்த மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேலும் அப்படியே இருக்க வேண்டும். வாந்தி, பேதி, வலி மாத்திரை என்று ஏதாவது காரணத்தால் தற்காலிகமாகவும் இறங்கியிருக்கலாம். பெரியம்மா மூட்டு வலிக்கு விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தார். ‘நாள்பட்ட’ என்ற ஒரே சொல்லைப் போடுவதற்கு அவ்வளவு பொறுமை தேவைப்பட்டது.

மார்ச் 6, காலை 7.00

நட்சத்திரக் குறி என்று சொன்னேன். அதைப் பற்றியே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் இருக்கும் ‘இயல்பு அளவு’ பெரும்பாலும் எப்படி வருகிறது என்றால், ஆரோக்கியமான நிறையப் பேரைச் சோதித்து, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தினரின் எண்களை எல்லையாக வைக்கிறார்கள். மேலே 2.5, கீழே 2.5 சதவீதம் வெளியே போய்விடும். அதாவது ஒரு குறையும் இல்லாத 100 பேரில் 5 பேருக்கு அந்தச் சோதனையில் தடித்த எழுத்தோ நட்சத்திரமோ விழும். மாஸ்டர் செக்கப் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 சோதனைகளைச் சேர்த்துச் செய்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்கு ஒன்றாவது எல்லை தாண்டுவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. எல்லாமே கட்டத்துக்குள் வருவதற்குத்தான் வாய்ப்பு குறைவு.

சர்க்கரை, கொலஸ்டிரால் போன்றவற்றுக்கு இந்த முறை இல்லை. அங்கே எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து ஏறுகிறது என்பதைப் பார்த்து எல்லை வைக்கிறார்கள். ஆகவே இரண்டு வகை ‘நார்மல்’ ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

மார்ச் 6, காலை 7.25

அலகையும் பாருங்கள். பிளேட்லெட் ‘250’ என்று பார்த்துவிட்டு ஒரு பையன் கை நடுங்க என்னிடம் ஓடி வந்தான். பக்கத்துக் கட்டத்தில் ‘ஆயிரம் / மைக்ரோலிட்டர்’ என்று பொடி எழுத்தில் இருந்தது. 250 ஆயிரம், அதாவது இரண்டரை லட்சம். ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டியதில் பத்திரமாக உள்ளே இருக்கிறான். வேறு நாட்டில் எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டில் 7.0 என்று பார்த்து ‘ரொம்பக் குறைவு’ என்று இனிப்பு கொடுத்துவிடாதீர்கள். அந்த மில்லிமோல் கணக்கை 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான மில்லிகிராம் வரும். 126. வெறும் வயிற்றில் சர்க்கரை நோய் என்று சொல்லும் எல்லையே அதுதான்.

மார்ச் 9, இரவு 10.15

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ‘பை-ராட்ஸ் 4 வந்திருக்கிறது, அம்மாவுக்கு நாலாம் நிலை புற்றுநோய், இனி என்ன செய்வது’ என்று இன்று மதியம் ஒருவர் போட்டதைப் பார்த்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

பை-ராட்ஸ் 4 நாலாம் நிலை இல்லை. அது புற்றுநோய் இருக்கிறது என்ற முடிவுகூட இல்லை. மார்பகப் படத்தைப் பார்த்த கதிரியக்க டாக்டர், தனக்கு எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதை 0 முதல் 6 வரை ஒரு எண்ணால் சொல்கிறார். 1 என்றால் ஒன்றும் இல்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் தீங்கற்றது. 3 அநேகமாகத் தீங்கற்றது, சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். 4 சந்தேகம் இருக்கிறது, ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்க (பயாப்சி) வேண்டும். 5 சந்தேகம் மிக வலுவானது, 95 சதவீதமோ அதற்கு மேலோ. 6 என்பது ஏற்கெனவே பயாப்சியில் உறுதியானவர்களுக்கு.

இந்த 4 என்ற கட்டம் மிகப் பெரியது. சந்தேகம் 2 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் 4, 90 சதவீதம் இருந்தாலும் 4. அதனால்தான் 4ஏ, 4பி, 4சி என்று பிரிக்கிறார்கள். 4ஏ என்றால் 2 முதல் 10 சதவீதம். அதாவது 100 பேரில் 90 பேருக்கு மேல் பயாப்சியில் புற்றுநோய் இல்லை என்றே வரும். என் அக்காவுக்கு வந்தது 4ஏ. அவள் அந்த எண்ணைப் பார்த்த நிமிடத்திலிருந்து பயாப்சி முடிவு வரும்வரை சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களை எல்லாம் எடுத்து ஒரே கோப்பில் அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்று மாமாவுக்குக் காட்டி வைத்தாள். முடிவில் தீங்கற்ற கட்டி. ஸ்கேன் அறையில் யாராவது ‘இது நிலையைக் குறிக்கும் எண் இல்லை’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

பயாப்சிக்குப் போகாமல் இருப்பதற்கு இதைக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 4 என்றால் பயாப்சி செய்தே தீர வேண்டும். பயப்பட வேண்டிய அளவு வேறு, செய்ய வேண்டிய வேலை வேறு.

மார்ச் 9, இரவு 10.50

பை-ராட்ஸ் 0 என்றால் ‘பூஜ்ஜியம், ஒன்றுமே இல்லை’ என்று நினைத்து மருத்துவமனைப் பக்கமே போகாதவர்களும் உண்டு. 0 என்றால் இந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, இன்னும் படம் வேண்டும் அல்லது பழைய படம் வேண்டும் என்று அர்த்தம். மறுபடி போக வேண்டும்.

மார்ச் 10, காலை 6.45

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. கிரேடும் ஸ்டேஜும் ஒன்றா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. ஸ்டேஜ் என்பது புற்று உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. கிரேடு என்பது அந்தச் செல்கள் மைக்ராஸ்கோப்பில் எவ்வளவு கோணலாகத் தெரிகின்றன, எவ்வளவு வேகமாக வளரக்கூடியவை என்பது. கிரேடு 3, ஸ்டேஜ் 1 என்று ஒரே ஆளுக்கு இருக்கலாம். மோசமான குணமுள்ள செல், ஆனால் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

புராஸ்டேட் ரிப்போர்ட்டில் புற்றின் கிரேடைச் சொல்ல ‘க்ளீசன் 6’ என்று வருவதும் இப்படித்தான். 10க்கு 6 என்று பார்த்தால் பாதிக்கு மேல் போல இருக்கிறது. இப்போது பயாப்சியில் புற்று என்று சொன்னால் வழக்கமாகப் போடும் மிகக் குறைந்த எண்ணே 6தான். இந்தக் குழப்பத்தாலேயே க்ரூப் 1 முதல் 5 வரை என்று புதிய வரிசை கொண்டுவந்தார்கள். க்ளீசன் 6 அதில் க்ரூப் 1.

ஃபேட்டி லிவர் கிரேடு 2 என்பது வேறொரு வரிசை. அல்ட்ராசவுண்டில் கல்லீரல் எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது, அதாவது கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதன் கணிப்பு. தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு எஃப்0 முதல் எஃப்4 வரை வேறு அளவு இருக்கிறது. நாள்பட டாக்டர்கள் கவலைப்படுவது அந்தத் தழும்பைப் பற்றித்தான்.

மார்ச் 12, மாலை 6.00

மருந்துச் சீட்டு, கேஸ் ஷீட் பற்றி வந்த கேள்விகளுக்கு.

‘ஆர்/ஓ டிபி’ என்று எழுதியிருந்தால் டிபி இருக்கிறது என்று பொருள் இல்லை. டிபி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று பொருள். நோயின் பெயருக்கு முன்னால் கேள்விக்குறி போட்டிருந்தாலும் சந்தேகம் மட்டும்தான். ‘சி/ஓ’ என்றால் நோயாளி சொல்லும் தொந்தரவு, ‘கே/சி/ஓ’ என்றால் ஏற்கெனவே தெரிந்த நோய், ‘என்ஏடி’ என்றால் கோளாறு எதுவும் தென்படவில்லை. ஸ்கேனில் ‘அன்ரிமார்க்கபிள்’ என்று வந்தால் குறை எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடி தினம் ஒரு வேளை, பிடி இரண்டு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, ஹெச்எஸ் படுக்கப் போகும்போது, ஏசி சாப்பாட்டுக்கு முன், பிசி சாப்பாட்டுக்குப் பின். எஸ்ஓஎஸ் என்றால் அபாயம் இல்லை, தேவைப்பட்டால் மட்டும். கண் டாக்டரின் சீட்டில் அதே ஓடி வலது கண்ணைக் குறிக்கும். ஒரே எழுத்துக்கு இரண்டு பொருள் இருப்பதால் கண் மருந்து வாங்கும்போது ‘எந்தக் கண், எத்தனை வேளை’ என்று வாய்விட்டுக் கேட்டு, பாட்டிலின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் கொடுக்கும்போது அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது அந்த மருந்து இருந்தால், எந்தக் கிழமை என்று அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போட வேண்டாம்.

இன்சுலினுக்கும் ஒன்று. ‘யூனிட்’ என்பதற்கு ஆங்கில எழுத்து யூவை மட்டும் போட்டால் அது பூஜ்ஜியம் போலத் தெரிந்துவிடும். 4 யூ என்பது 40 ஆகிவிடும். பத்து மடங்கு. அதனால் அந்தச் சுருக்கத்தை எழுதவே கூடாது என்று மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன. கையெழுத்தில் எழுதிய அளவில் சின்னச் சந்தேகம் இருந்தாலும் திரும்பப் போய்க் கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம்.

மார்ச் 15, இரவு 8.30

முதுகு எம்ஆர்ஐ போட்டவருக்கு: ‘டிஜெனரேடிவ்’ (தேய்மானம்), ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகுத் தட்டு பிதுங்கியிருப்பது) என்று இரண்டு பக்கம் நிறைய இருப்பதைப் படித்துவிட்டு இனி குனியவே கூடாது என்று முடிவு செய்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

2015இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் படங்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதத்தினருக்கு பல்ஜ். 80 வயதில் தேய்மானம் 96 சதவீதம், பல்ஜ் 84 சதவீதம். திரும்பவும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி இல்லை. வயதானால் தலை நரைப்பது மாதிரி முதுகுத் தட்டுகளும் மாறுகின்றன. படத்தில் இருப்பதும் உங்கள் வலிக்குக் காரணமாக இருப்பதும் ஒன்றுதானா என்பதை, காலைத் தூக்கிப் பார்த்து, மரத்துப்போன இடத்தைத் தொட்டுப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டின் அடியில் ‘க்ளினிக்கல் கோரிலேஷன்’ என்று போடுவது அதற்காகத்தான். வெறும் சம்பிரதாய வரி என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

காலில் வலு குறைவது, சிறுநீர் போவதில் கட்டுப்பாடு இழப்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இந்த மூன்றில் எது இருந்தாலும் மேலே எழுதிய ஆறுதலை ஒதுக்கி வைத்துவிட்டு உடனே போங்கள்.

மார்ச் 18, மதியம் 1.40

‘டெஸ்ட் 98 சதவீதம் துல்லியமானது என்றார்கள், எனக்கு பாசிட்டிவ், அப்போ 98 சதவீதம் நோய் இருக்கிறது’ என்ற வாதம் சரியில்லை. உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

10,000 பேரில் 10 பேருக்கு இருக்கும் ஒரு நோய். சோதனை அந்த 10 பேரையும் ஒருவர் விடாமல் பிடித்துவிடுகிறது என்றே வைப்போம். நோய் இல்லாதவர்களில் 2 சதவீதத்தினருக்கு மட்டும் பொய்யாக பாசிட்டிவ் காட்டுகிறது. மீதி 9,990 பேரில் 2 சதவீதம் ஏறக்குறைய 200. மொத்த பாசிட்டிவ் 210 பேர். அதில் உண்மையாக நோய் உள்ளவர்கள் 10 பேர். 21இல் ஒருவர்.

அதே சோதனையை, அறிகுறிகளோடு வந்த 10,000 பேருக்குச் செய்கிறோம், அவர்களில் 3,000 பேருக்கு நோய் இருக்கிறது என்றால்? 3,000 உண்மை, 140 பொய். இப்போது பாசிட்டிவ் என்பது கிட்டத்தட்ட உறுதி. கிட் மாறவில்லை, சோதிக்கப்படும் ஆட்கள் மாறினார்கள். அறிகுறியும் ஆபத்தும் எதுவும் இல்லாதவருக்கு முதல் சோதனையில் ‘ரியாக்டிவ்’, அதாவது பாசிட்டிவ், என்று வந்தால் லேபில் அதை முடிவாகச் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது, வேறு வகைச் சோதனை செய்த பிறகுதான் நோய் என்பார்கள். ஹெச்ஐவி சோதனையில் இது கட்டாயமான நடைமுறை. முதல் தாளை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்து உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்த ஒருவரை நாங்கள் உட்கார வைத்துப் பேசி, உறுதிச் சோதனைக்கு அனுப்பினோம். உறுதிச் சோதனை நெகட்டிவ். பாசிட்டிவாக வந்திருந்தாலும், இப்போதுள்ள மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் மற்றவர்களுக்கு இணையாக நீண்ட நாள் வாழலாம் என்பதையும் அன்றே அவரிடம் சொல்லியிருந்தோம்.

மார்ச் 21, இரவு 9.00

‘ஆபத்து இரண்டு மடங்கு’ என்று செய்தி பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்கிறார் ஒரு சகோதரி. எந்த மாத்திரை என்று அவர் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

1995 அக்டோபரில் பிரிட்டனில் ஒரு எச்சரிக்கை வந்தது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு ஆபத்து இரண்டு மடங்கு என்று. உண்மையில் பழைய மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதியதில் 7,000இல் இருவருக்கு. இரண்டு மடங்கு என்பது பொய் இல்லை. ஆனால் பயந்துபோய் ஏராளமானோர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டார்கள். கர்ப்பத்தில் ரத்தக்கட்டு வரும் ஆபத்து அந்த மாத்திரையில் இருப்பதைவிட அதிகம் என்பதுதான் வேதனை.

‘எத்தனை மடங்கு’ என்று யாராவது சொன்னால் ‘எத்தனை பேரில் எத்தனை பேர்’ என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரின் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

மார்ச் 22, காலை 7.30

இதே வகையில் இன்னொன்று. பதப்படுத்திய இறைச்சி புகையிலையோடு ஒரே பட்டியலில், முதல் பிரிவில் இருக்கிறது, அப்படியானால் இரண்டும் ஒரே அளவு ஆபத்தா என்ற கேள்வி. இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் போட்ட அந்தப் பிரிவு, சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் சொல்கிறது. இரண்டுமே புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி. எவ்வளவு உண்டாக்கும் என்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மார்ச் 26, இரவு 10.00

கடைசியாக வந்த கேள்வி: பொட்டாசியம் 6.8 என்று லேபிலிருந்து போன் வந்ததாம், மறுநாள் டாக்டரைப் பார்த்தால் போதுமா என்று.

போதாது. பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. 6.5ஐத் தாண்டினால் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும், முன்னறிவிப்பே இல்லாமல். லேப் தானாகப் போன் செய்கிறது என்றால் அது காத்திருக்கக் கூடாத எண்களின் பட்டியலில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ரிப்போர்ட்டின் அடியில் ‘ஹீமோலைஸ்டு சாம்பிள்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். ரத்தம் எடுக்கும்போதோ குழாயில் குலுங்கியோ சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடும். அப்படி இருந்தாலும் அதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. அங்கே ஈசிஜி எடுத்து, புது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கிளம்பும்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றும். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.